ஆகஸ்டில் குடிமாறும் ஊர்: ஆன் ஆர்பர் பற்றி வாசகர் கேள்விகள்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள ஆன் ஆர்பர், மிச்சிகன் பல்கலைக்கழகம் அமைந்த ஊர். பிள்ளைகளை அங்கே படிக்க அனுப்பும் பெற்றோரும், வேலைக்காகக் குடும்பத்தோடு போகிறவர்களும் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில்கள்.

என் மகள் முதுகலை படிக்க ஆன் ஆர்பர் போகிறாள். அது பெரிய நகரமா, கல்லூரியைச் சுற்றி வளர்ந்த சின்ன ஊரா? (திருச்சி வாசகி)

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே 1,23,851 பேர். மிச்சிகன் மாநிலத்தின் ஐந்தாவது பெரிய நகரம். பல்கலைக்கழக மாணவர்கள் மட்டும் 50,000-க்கு மேல். எல்லா மாணவர்களும் ஊர் எல்லைக்குள் குடியிருப்பதில்லை. ஆனாலும் கடை, பஸ், வாடகை, டிராஃபிக் எதை எடுத்தாலும் அவர்கள் கணக்கில்தான் ஓடுகிறது. அவர்களுக்கு அடுத்து ஊரைத் தாங்குவது பல்கலைக்கழகத்தின் பெரிய மருத்துவமனை. டாக்டர்கள், நர்ஸுகள், ஆய்வகக்காரர்கள், பேராசிரியர்கள், மென்பொருள் வேலை பார்ப்பவர்கள் என்று படித்தவர்கள் நெருக்கமாக வாழும் இடம். ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர் ஆசிய வம்சாவளி என்பதால் உங்கள் மகள் தனித்துத் தெரிய மாட்டாள்.

டெட்ராய்ட் நகரம் கிழக்கே சுமார் 65 கிலோமீட்டர். விமான நிலையம் வழியிலேயே, சுமார் 40 கிலோமீட்டரில் வந்துவிடும். ஊருக்குள் ஹூரான் ஆறு ஓடுகிறது. ஆற்றுக்குத் தெற்கே, கடைத்தெருவை ஒட்டி மத்திய வளாகம். ஆற்றைத் தாண்டி வடக்கு வளாகம். பொறியியல், இசை, கட்டடக்கலை எல்லாம் அங்கே. இடம் கிடைத்த துறை எந்த வளாகத்தில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். வீடு தேட வேண்டிய பக்கம் அதை வைத்துத்தான் முடிவாகும். இரண்டு வளாகத்தையும் இணைக்கும் நீலநிறப் பல்கலைக்கழக பஸ்ஸில் டிக்கெட்டே கிடையாது.

ஊர் வரைபடத்தோடு பல்கலைக்கழக நாட்காட்டியையும் அச்செடுத்துக் கொடுங்கள். ஆகஸ்ட் கடைசியில் ஊர் நிரம்பும், மே மாதம் பாதி காலியாகும். நடுவில் நடக்கும் எல்லாமே அதைப் பொறுத்துத்தான்.

‘ஆன் ஆர்பர்’ என்றால் என்ன? (கும்பகோணம் வாசகர்)

1824-இல் ஜான் ஆலன், எலைஷா ரம்ஸி என்ற இருவர் நிலம் வாங்கி ஊரை உண்டாக்கினார்கள். இருவர் மனைவியர் பெயரிலும் ‘ஆன்’ உண்டு. ‘ஆர்பர்’ என்பது அங்கே நின்ற ஓக் மரங்களின் நிழற்சோலையைக் குறிப்பது. மாநிலத் தலைநகரம் தங்களுக்கு வரும் என்று நம்பி ஊர்க்காரர்கள் 40 ஏக்கர் ஒதுக்கி வைத்தார்கள். தலைநகரம் வரவில்லை. 1837-இல் அந்த நிலத்தைக் காட்டி, 1817-இல் டெட்ராய்டில் தொடங்கிய பல்கலைக்கழகத்தைத் தங்கள் ஊருக்கு வரவழைத்துக்கொண்டார்கள். மத்திய வளாகத்தின் நடுப்பகுதி இன்றும் அந்த 40 ஏக்கர்தான்.

அடுத்த ஆண்டுக்கான வீட்டை இப்போதே, அக்டோபரிலேயே பிடிக்க வேண்டும் என்கிறான் மகன். இவ்வளவு முன்னதாகவா? கொடுக்கிற அட்வான்ஸ் திரும்ப வருமா? (கோவை வாசகர்)

அவன் சொல்வது சரிதான். வளாகத்தை ஒட்டிய வீடுகள் பெரும்பாலும் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி அடுத்த ஆகஸ்ட் நடுவில் முடியும் லீஸில் போகின்றன. எல்லா வீடும் ஒரே சமயத்தில் காலியாகி ஒரே சமயத்தில் நிரம்புவதால் நல்ல வீட்டுக்குப் போட்டி முந்தைய இலையுதிர் காலத்திலேயே தொடங்கிவிடும். எவ்வளவு முன்னதாக வீட்டைக் காட்டலாம், கையெழுத்து வாங்கலாம் என்பதற்கு நகராட்சி விதி வைத்திருக்கிறது; அதை அவ்வப்போது திருத்தவும் செய்கிறது. கையெழுத்துப் போடும் முன் பல்கலைக்கழகத்தின் மாணவர் சட்ட உதவி அலுவலகத்தில் லீஸைக் காட்டச் சொல்லுங்கள். பதிவு செய்த மாணவர்களுக்கு அங்கே ஆலோசனை இலவசம். இதைச் செய்யாமல் மாட்டிக்கொள்பவர்கள்தான் அதிகம்.

லீஸில் பார்க்க வேண்டியது: ஹீட்டர் செலவு வாடகையில் சேர்ந்ததா, தனியா? வளாகத்தைச் சுற்றியுள்ளவற்றில் பல பழைய பெரிய மரவீடுகள். அறை அறையாகப் பிரித்து விட்டிருப்பார்கள். ஜன்னல் இடுக்கில் காற்று வரும் வீட்டில் ஜனவரி கேஸ் பில் வாடகைக்கு மேல் ஒரு தண்டமாக வந்து நிற்கும். போன குளிர்காலத்து பில்லை இப்போது குடியிருப்பவரிடம் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். ரூம்மேட்டுகள் நாலு பேரும் ஒரே லீஸில் கையெழுத்திட்டால், ஒருவர் பாதியில் போனாலும் அவர் பங்கை மற்ற மூவர் கட்ட வேண்டிவரும். ஆளுக்கொரு தனி லீஸ் என்றால் அந்தச் சிக்கல் இல்லை. அமெரிக்காவில் கடன் வரலாறு உள்ள ஒருவரை ஜாமீன் கையெழுத்துக்குக் கேட்பதும் வழக்கம். அப்படி யாரும் இல்லாதவர்களுக்கு முதல் வருடம் பல்கலைக்கழக விடுதியோ கூட்டுறவு இல்லமோ சுலபம். 1937-இலிருந்து இயங்கும் மாணவர் கூட்டுறவு அமைப்பு ஊரில் பல வீடுகளை நடத்துகிறது. வாரத்துக்குச் சில மணி நேரம் சமையலோ துப்புரவோ முறை வைத்துச் செய்ய வேண்டும், செலவு குறையும்.

பழைய லீஸ் முடிவதற்கும் புதியது தொடங்குவதற்கும் நடுவில் ஒன்றிரண்டு வாரம் இடைவெளி விழும். அந்த நாட்களில் எங்கே தங்குவது, பெட்டியை எங்கே வைப்பது என்று ஜூலையிலேயே ஏற்பாடு செய்துகொள்ளட்டும். அப்போது வளாகத்தைச் சுற்றிய நடைபாதையெல்லாம் சோபா, மெத்தை, புத்தக அலமாரி, மின்விசிறி என்று குவிந்து கிடக்கும். போகிறவர்கள் விட்டுப் போனவை. மர மேசையும் இரும்பு நாற்காலியும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். மெத்தை, சோபா பக்கம் போகவே வேண்டாம், மூட்டைப்பூச்சி வந்துசேரும். மர அலமாரியைக்கூட மூட்டு இடுக்குகளில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எடுப்பது நல்லது. சிறு கரும்புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

அட்வான்ஸ் விஷயத்தில் மிச்சிகன் சட்டம் குடியிருப்பவர் பக்கம் நிற்கிறது, ஆனால் தேதி தவறக்கூடாது. ஒன்றரை மாத வாடகைக்கு மேல் டெபாசிட் கேட்க முடியாது. கடைசி மாத வாடகையை முன்னதாகக் கேட்டால் அதுவும் இந்த வரம்புக்குள்தான். குடிபோகும்போது வீட்டின் நிலையைக் குறிக்கும் பட்டியலின் இரண்டு படிகளை வீட்டுக்காரர் தர வேண்டும். சுவரில் உள்ள ஓட்டை, கார்ப்பெட் கறை, ஆடும் கதவு எல்லாவற்றையும் எழுதி 7 நாளுக்குள் ஒரு படியைத் திருப்பித் தர வேண்டும். தேதி தெரியும்படி போட்டோவும் எடுத்துக்கொள்ளட்டும். காலி செய்த 4 நாளுக்குள் புதிய முகவரியை எழுத்தில் தர வேண்டும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். முகவரி தந்துவிட்டால், 30 நாளுக்குள் வீட்டுக்காரர் பாக்கிப் பணத்தையும், எதற்கு எவ்வளவு பிடித்தார் என்ற பட்டியலையும் அனுப்பியாக வேண்டும். பிடித்தது நியாயமில்லை என்றால் 7 நாளுக்குள் தபாலில் மறுப்பு எழுத வேண்டும். ஏற்காத தொகையை அவர் தன்னிடமே வைத்துக்கொள்ள விரும்பினால், பொதுவாகக் காலி செய்த நாளிலிருந்து 45 நாளுக்குள் அவர்தான் கோர்ட்டுக்குப் போக வேண்டும். சாதாரணமாகப் புழங்கியதில் மங்கிய பெயின்டுக்கும் தேய்ந்த தரைக்கும் பணம் பிடிக்க முடியாது.

பாதி வருடத்தில் அங்கே போய்ச் சேர்பவர்களுக்கு ஒரு வழி: மே முதல் ஆகஸ்ட் வரை ஊருக்குப் போகும் மாணவர்கள் அறையை உள்வாடகைக்கு விடுவார்கள். ஆள் குறைவு, அறை அதிகம் என்பதால் அப்போது வாடகை நன்றாக இறங்கும். வீட்டுக்காரரின் எழுத்துச் சம்மதம் உண்டா என்று கேளுங்கள். நேரிலோ வீடியோவிலோ அறையைப் பார்க்காமல் ஒரு டாலரும் அனுப்ப வேண்டாம்.

வாடகை ஏன் அங்கே இவ்வளவு அதிகம்? சாதாரண வேலை பார்ப்பவர்கள் எங்கே குடியிருக்கிறார்கள்? (சேலம் வாசகி)

நிலம்தான் காரணம். மாணவர் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது. பல்கலைக்கழகம் வாங்கும் இடத்துக்குச் சொத்துவரி கிடையாது. ஃபைசர் மருந்து நிறுவனத்தின் கதை இதை நன்றாகக் காட்டும். ஊரிலேயே அதிக சொத்துவரி கட்டிய அந்த நிறுவனம், ஆய்வகங்களை மூடப்போவதாக 2007-இல் அறிவித்தது. 2,000 பேருக்கு மேல் வேலை போனது. வேறு ஊராக இருந்தால் எழுந்திருக்கப் பல காலம் ஆகியிருக்கும். 2009-இல் அந்த 174 ஏக்கரைப் பல்கலைக்கழகம் வாங்கி ஆராய்ச்சி வளாகமாக்கியது, வேலைகள் திரும்பின. ஆனால் அந்த நிலம் வரிக் கணக்கிலிருந்து நிரந்தரமாகப் போய்விட்டது. அந்தச் சுமை மற்ற வீட்டு உரிமையாளர்கள் தலையில் ஏறி, வாடகை வழியாகக் குடியிருப்பவரையும் எட்டுகிறது.

2003-இல் ஊர்மக்கள் தங்கள் மேலேயே ஒரு வரி போட்டுக்கொண்டு, ஊரைச் சுற்றியுள்ள வயல்களில் வீடு வராமல் பாதுகாக்க வாக்களித்தார்கள். வயலும் காடும் மிஞ்சியது உண்மையிலேயே நல்ல காரியம். வீட்டுமனை குறைந்ததும் அதே அளவு உண்மை. வாடகைக்கு உச்சவரம்பு வைக்க நகராட்சி நினைத்தாலும் முடியாது; 1988-ஆம் ஆண்டு மாநிலச் சட்டம் அதைத் தடுக்கிறது. 2020-இல் குறைந்த வருமானக்காரர்களுக்கு வீடு கட்ட 20 ஆண்டு வரிக்கு மக்கள் சம்மதித்தார்கள். கட்டடங்கள் மெல்லத்தான் எழும்புகின்றன.

மருத்துவமனையில் படுக்கை மாற்றுபவரும், விடுதிச் சமையலறையில் பாத்திரம் கழுவுபவரும், பஸ் ஓட்டுபவரும் பலர் கிழக்கே பக்கத்து ஊரான இப்சிலான்டியில் குடியிருந்து வந்து போகிறார்கள். அங்குள்ளவர்கள் ‘இப்சி’ என்பார்கள். வாடகை குறைவு, பஸ் அடிக்கடி உண்டு. குடும்பத்தோடு போகிறவர்கள் அந்த ஊரைத் தயங்காமல் பார்க்கலாம். ஆன் ஆர்பர்க்காரர்கள் சிலர் அதைப் பற்றிப் பேசும் தொனியை மட்டும் நம்பிவிடாதீர்கள். டாமினோஸ் பீட்சா 1960-இல் பிறந்ததும் இப்சியில்தான்.

குளிரை நினைத்தால் பயமாக இருக்கிறது. இங்கேயே என்னென்ன வாங்கி அனுப்பலாம்? (தூத்துக்குடி வாசகி)

குளிர்கோட்டு இங்கே வாங்க வேண்டாம். நம் ஊர்க் கடையில் கிடைப்பது அங்கே அக்டோபருக்கே போதாது. இங்கிருந்து அனுப்ப வேண்டியவை: உள்ளே போடும் தெர்மல் இரண்டு ஜோடி, பருத்திச் சட்டைகள், பிரஷர் குக்கருக்கு மாற்று கேஸ்கட், டாக்டர் சீட்டோடு மருந்துகள். கோட்டும் பூட்ஸும் அங்கே செப்டம்பரில் வாங்கட்டும். கோட்டு தொடை வரை இறங்க வேண்டும், காற்றைத் தடுக்க வேண்டும். பூட்ஸ் அடியில் ஆழமான வரிப்பள்ளமும், நீர் புகாத மேற்பகுதியும் முக்கியம். ஒரே கனத்த ஸ்வெட்டரைவிட மெல்லியதாக மூன்று அடுக்கு நல்லது. வகுப்பறைக்குள் ஹீட்டர் சுடும், கழற்றி வைக்க வசதியாக இருக்கும்.

ஜனவரி இரவுகளில் சராசரியே மைனஸ் 8 டிகிரி செல்சியஸ் பக்கம். அதைவிட ஆபத்து, பகலில் உருகி இரவில் உறையும் தண்ணீர். ஈரமான தார் போலத் தெரிகிற இடம் கண்ணாடிப் பனியாக இருக்கும். அதில் அடியைச் சின்னதாக, பாதம் முழுதும் பதியுமாறு வைக்க வேண்டும், கையைப் பாக்கெட்டில் விடக்கூடாது. விழுந்து மணிக்கட்டு முறிபவர்கள் ஒவ்வொரு குளிர்காலமும் உண்டு.

பலருக்கும் குளிரைவிட இருட்டுதான் கஷ்டம். ஊர், நேர மண்டலத்தின் மேற்கு ஓரத்தில் இருப்பதால் ஜனவரி தொடக்கத்தில் சூரியன் காலை 8 மணிக்குத்தான் உதிக்கும். டிசம்பரில் மாலை 5 மணிக்கெல்லாம் மறையும். மிச்சிகன் ஏரியிலிருந்து வரும் மேகம் வாரக்கணக்கில் மூடி நிற்கும். இந்த இருட்டில் வரும் சோர்வை நம் பிள்ளைகள் சோம்பல் என்று நினைத்துத் தங்களையே திட்டிக்கொள்வார்கள். பகல் 12 மணிக்கு அரை மணி நேரமாவது வெளியே நடக்கச் சொல்லுங்கள், டாக்டரிடம் கேட்டு வைட்டமின் டி எடுக்கச் சொல்லுங்கள். மனம் தொடர்ந்து சோர்ந்தால் பல்கலைக்கழக ஆலோசனை மையத்துக்குப் போகத் தயங்கக்கூடாது.

டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது கரண்ட் மிச்சம் என்று ஹீட்டரை அணைத்துவிட்டு வரக்கூடாது. சுவருக்குள் போகும் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்தால் கீழ்வீடு வரை நாசம், பழியும் குடியிருந்தவர் மேல் வரும். தெர்மோஸ்டாட்டை 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே, அதாவது சுமார் 13 செல்சியஸுக்குக் கீழே இறக்க வேண்டாம். சிங்க்குக்கு அடியில் உள்ள அலமாரிக் கதவைத் திறந்து வைத்துவிட்டு வரட்டும்.

கார் இல்லாமல் சமாளிக்க முடியுமா? நம் மளிகை, கோயில் எல்லாம் பக்கமா? (மதுரை வாசகர்)

தனி ஆள் மாணவருக்குக் கார் தேவையே இல்லை. நகர பஸ்ஸிலும் மாணவர் அட்டையைக் காட்டினால் கட்டணம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் குறைவு, அதை மட்டும் மனதில் வையுங்கள். சிகாகோவுக்குத் தினமும் ரயில் உண்டு, நாலரை ஐந்து மணி நேரம். விமான நிலையத்துக்கும் நேர் பஸ் இருக்கிறது. குழந்தை குட்டியோடு போகிறவர்களுக்குக் கார் வேண்டும். மிச்சிகனில் கார் இன்சூரன்ஸ் பிரீமியம் அதிகம் என்பதால் கார் விலையைக் கேட்கும் முன் அதைக் கேளுங்கள்.

நம்மவர்கள் நெருக்கமாக வாழ்வது கிழக்கே கேன்டனிலும் வடகிழக்கே நோவையிலும். இட்லி அரிசி, புளி, முருங்கைக்காய் எல்லாம் அங்கே கிடைக்கும். நோவையில் வெங்கடேஸ்வரர் கோயிலும், பான்டியாக்கில் கருமாரியம்மன் குடிகொண்ட பராசக்தி கோயிலும் இருக்கின்றன. இரண்டுக்கும் பஸ்ஸை நம்ப முடியாது. நாலு பேர் சேர்ந்து மாதம் ஒருமுறை காரில் போய் மூட்டையாக வாங்கி வருவதுதான் மாணவர்களின் வழக்கம். காய்கறிக்கு ஊருக்குள்ளேயே கெரிடவுன் உழவர் சந்தை. 1919-இலிருந்து நடக்கிறது, சனிக்கிழமை காலையில் போனால் நல்ல சரக்கு.

கஞ்சாக் கடைகள் கடைத்தெருவிலேயே இருப்பதாகக் கேள்விப்பட்டோம். உண்மையா? (ஈரோடு வாசகர்)

உண்மை. 2018-இல் மாநில மக்கள் வாக்களித்து 21 வயது நிரம்பியவர்களுக்கு அனுமதித்துவிட்டார்கள். ஆனால் மத்திய அரசுச் சட்டப்படி அது இன்னும் குற்றம், விசா மத்திய அரசின் கையில். அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர் வாங்கினாலோ, பயன்படுத்தியதாக ஒப்புக்கொண்டாலோ விசாவும் பிற்காலத்து கிரீன் கார்டும் சிக்கலாகும். கடையில் வேலை பார்ப்பதும் கூடாது. கூடப் படிக்கும் அமெரிக்கப் பிள்ளைகளுக்கு இந்த அபாயம் இல்லாததால் அவர்கள் எச்சரிக்க மாட்டார்கள். நீங்கள்தான் வெளிப்படையாகச் சொல்லி அனுப்ப வேண்டும்.

ஃபுட்பால் நாளில் ஊரே நின்றுவிடுமாமே? (சென்னை வாசகர்)

1927-இல் திறந்த மிச்சிகன் ஸ்டேடியத்தில் 1,07,601 பேர் உட்காரலாம், அதாவது கிட்டத்தட்ட ஊர் மக்கள்தொகை அளவு. செப்டம்பர் முதல் நவம்பர் வரை ஏழெட்டு சனிக்கிழமைகளில் பல்கலைக்கழக அணிக்குச் சொந்த மண்ணில் அமெரிக்க ஃபுட்பால் ஆட்டம். பக்கத்து வீட்டுக்காரர்கள் முன்புல்வெளியைக் கார் நிறுத்த வாடகைக்கு விடுவார்கள். ஹோட்டல் அறை விலை பல மடங்கு ஏறும், பஸ் தடம் மாறும். ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் தெரு அடைத்துக்கொள்ளும், ஆட்டம் நடக்கும்போது வெறிச்சோடும். கடைக்குப் போவதை அந்த நேரத்தில் வைத்துக்கொள்ளலாம். பெற்றோர் பயணம் பதிவு செய்யுமுன் ஆட்ட அட்டவணையைப் பார்த்துவிடுங்கள்.

தமிழ்நாட்டுக்கும் அந்த ஊருக்கும் பழைய தொடர்பு ஏதாவது உண்டா? (காரைக்குடி வாசகி)

உண்டு, நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய தொடர்பு. ஆசியப் பெண்கள் படிப்பதற்கென்று 1917-இல் மிச்சிகனில் பார்பர் உதவித்தொகை தொடங்கியது. அதைப் பெற்றுப் போனவர்களில் ஒருவர் தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாள். தலச்சேரியில் பிறந்து, சென்னையில் ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் கற்பித்தவர். 1931-இல் மிச்சிகனில் முனைவர் பட்டம் பெற்றார். பிறகு கோவை கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். கோவையில் பிறந்த சி.கே. பிரகலாத், மேலாண்மைப் பேராசிரியராக ஆன் ஆர்பரில் பல ஆண்டு இருந்தார். திராவிட உறவுமுறையை ஆராய்ந்தவர் தாமஸ் டிராட்மன். கால்டுவெல்லுக்கு முன்பே திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என்று காட்டிய சென்னை அதிகாரி எல்லிஸின் பணியை விரிவாக வெளிக்கொணர்ந்த அவர், அதே பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்தவர்.

மகனைப் பார்க்க எந்த மாதம் போகலாம்? எப்போது போனில் பேசுவது? (நாகர்கோவில் தம்பதி)

மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை நமக்கும் அவர்களுக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம், மற்ற மாதங்களில் பத்தரை. நம் மாலை 7 மணிக்குக் கூப்பிட்டால் கோடையில் அங்கே காலை 9.30, குளிர்காலத்தில் 8.30.

போவதற்கு மே கடைசி வாரமும் ஜூன் முதல் இரண்டு வாரமும் சிறந்தவை. பட்டமளிப்புக் கூட்டம் போயிருக்கும், ஹோட்டல் கிடைக்கும், இரவு 9 மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். ஜூலையில் 1960-இலிருந்து நடக்கும் ஓவியச் சந்தை பார்க்கத் தக்கது, ஆனால் கூட்டமும் வெயிலும் சேரும். அக்டோபர் நடுவில் இலை நிறம் மாறும் அழகு உண்டு. முழங்கால் வலி உள்ளவர்கள் டிசம்பர் முதல் மார்ச் வரை தவிர்க்கவும். எந்த மாதமானாலும் பயணிகள் மருத்துவக் காப்பீடு எடுக்காமல் கிளம்ப வேண்டாம்.

ஜூன் தொடக்கத்தில் போனால் மருத்துவமனையை ஒட்டிய நிக்கல்ஸ் மரப்பூங்காவில் பியோனி மலர்த்தோட்டம் பூத்திருக்கும். 1922-இலிருந்து பராமரிக்கிறார்கள், அனுமதி இலவசம். ஒவ்வொரு பூவும் உள்ளங்கை அகலம், அடுக்கடுக்காக இதழ். வெள்ளையும் இளஞ்சிவப்பும் அடர்சிவப்பும் வரிசை வரிசையாக நிற்கும். இரண்டு மூன்று வாரம்தான் இருக்கும், கனமழை பெய்தால் காம்பு தாங்காமல் தரையில் சாய்ந்துவிடும். அதனால் மழை அறிவிப்பு இருந்தால் முதல் நாளே போய்விடுங்கள். கார் நிறுத்த இடம் கிடைக்காது, பஸ்ஸில் போங்கள். வாஷிங்டன் ஹைட்ஸ் தெரு வாசல் வழியாக நுழைந்தால் தோட்டம் சில நிமிட நடைதான்.